பொய்ச்சரிவு

பானெட்டில் ஒரு தட்டு விழுந்தது. கம்பின் நுனி தகரத்தில் படும்போது வருமே, அந்தச் சத்தம். ஒரு தட்டு என்றால் வா, இரண்டு தட்டு என்றால் நில். கரீஃப் மழை மாதங்களில் அந்த மலையில் வண்டிக்கு முன்னால் நடந்து வழிகாட்டுகிற எல்லாருக்கும் அதுதான் பேச்சு. நுவைர் பழக்கத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுக்கப் போனாள். அப்புறம்தான் உறைத்தது. முன்னால் நடக்க வேண்டிய ஆள் இன்னும் முன்னால் வரவே இல்லை. அவள் புருஷன் சுஹைல் பின்கதவருகே நின்று, பிள்ளைத்தாய்ச்சி மகளின் கால்களை மடக்கிப் போர்வைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஆமர் வாப்பா, பானெட்ட தட்டுனீங்களா?"

"எனக்கென்ன பத்து கையா இருக்கு? புள்ளைய புடிச்சுக்கிட்டு நிக்கிறேன் இங்க."

"சத்தம் கேட்டுச்சு."

"கூரைத் தண்ணி சொட்டியிருக்கும். உன் வண்டி தகர டப்பாதான."

பகல் இரண்டரை மணி. ஆனால் அந்த வீட்டு முற்றம் வெயிலைப் பார்த்து நாற்பது நாளாகியிருந்தது. கடலிலிருந்து ஏறி வந்த மூட்டம் மலையைப் போர்த்திக்கொண்டு, அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில், கண்ணாடிக்கு வெளியே அசையாமல் நின்றது. தூறல் விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வைப்பர் துடைத்த இடம் மறுபடி நனைவதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மாட்டுக்குப் போட எடுத்து வந்த காய்ந்த மத்தி மீன் மூட்டைகளின் நாற்றம் இருக்கையிலும் கம்பளத்திலும் ஊறிக் கிடந்தது. அதற்கு மேல், மகள் தம்னாவின் தலைமாட்டில் வைத்துப் புகைத்த சாம்பிராணி வாசம். இரண்டும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

தம்னாவுக்கு மூன்று வாரம் முன்னதாகவே பனிக்குடம் உடைந்துவிட்டது. போன தடவையும் இதே மழையில்தான் வலி கண்டது. அப்போது இறக்கிக் கொண்டுபோக நேரமாகி, தலைப்பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. இந்த முறை முதல் வலியிலேயே கொண்டுவந்துவிடுங்கள், வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும், தாமதித்தால் இரண்டு உயிரும் நம் கையில் இல்லை என்று கீழே சலாலாவில் டாக்டரம்மா சொல்லியிருந்தார். வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்று போன் போட்டாயிற்று. ஆம்புலன்ஸ் தார் ரோட்டு முனைவரை வரும். இந்த மூட்டத்தில் மண்பாதையில் ஏற மாட்டார்கள், அவர்கள்மேல் தப்பில்லை. வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர். அந்த நாலைத்தான் நுவைர் ஓட்ட வேண்டும்.

சுஹைல் ஓட்டியிருப்பார். முப்பது வருஷம் பிக்கப் ஓட்டிய ஆள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்தபின் சாவியை அவரிடம் யாரும் கொடுப்பதில்லை. அதனால் மூத்தவன் ஆமர், பட்டாளத்துச் சம்பளத்தில், இந்த ஆட்டோமேட்டிக் வண்டியை வாங்கி உம்மாவுக்கென்று நிறுத்திவிட்டுப் போனான். சுஹைலுக்கு அதில் ஏக எரிச்சல். இடது காலுக்கு வேலையில்லாத வண்டி, நொண்டிக்குச் செய்த வண்டி என்பார்.

"நொண்டி வண்டியில்தான் இப்ப உங்க பேரன் வரப்போறான்," என்றாள் நுவைர்.

"வரட்டும் வரட்டும். நான் நடந்தே அவனுக்கு முன்னால போறேன்." கதவைச் சாத்திவிட்டு, கம்பைத் தோளில் குறுக்கே போட்டு, இரண்டு கையையும் அதன்மேல் தொங்கவிட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி முன்னால் வந்தார். மூட்டத்தில் நடக்க அவருக்குக் கண் வேண்டாம். பாதை காலுக்குத் தெரியும்.

ஹெட்லைட் வெளிச்சத்தில் அவர் முதுகு மஞ்சளாகத் தெரிந்தது. ஈரத் துண்டு, ஈர லுங்கி, கணுக்கால்வரை சிவப்புச் சேறு. பானெட்டில் ஒரு தட்டு. நுவைர் பிஸ்மில்லா சொல்லி கியரை இழுத்தாள்.

எழுத்துக்கூட்டிப் படிக்கவே நாற்பத்து மூன்று வயதில், கீழே பெண்களுக்கு நடத்திய வகுப்பில்தான் கற்றுக்கொண்டாள் அவள். அது அரபி எழுத்து. கியரில் இருந்தது வேறு எழுத்து. வண்டியை விற்ற மஹாத், சுஹைலின் அக்காள் மகன், ஒரு பகல் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து அவற்றைப் படம்போலச் சொல்லிக்கொடுத்தான். "மாமி, மேல தலை வீங்குன கம்பு இருக்கு பாருங்க, அது பி. வண்டி தூங்கும். அதே கம்புக்கு ஒரு கால் மொளச்சா ஆர், பின்னால போகும். ரெண்டு கம்புக்கு நடுவுல ஒரு சாய்வு, அது என், நியூட்ரல். வயிறு தள்ளுனது டி, முன்னால போகும். கடைசியில மூலை மடிச்ச கம்பு எல். இறக்கத்துல அதைப் போடுங்க, எஞ்சினே வண்டியப் புடிச்சுக்கும், பிரேக்க மிதிச்சுக்கிட்டே போனா சேத்துல சறுக்கிடும்."

கியருக்குப் பக்கத்தில் ஒரு திருகு. அதில் மூன்று இடம். ரெண்டு சக்கரம், தார் ரோட்டுக்கு. நாலு ஹை, சேற்றுச் சமதளத்துக்கு, ஓடும்போதே திருகலாம். நாலு லோ, செங்குத்தான இறக்கத்துக்கு. லோ போட வண்டியை அசையாமல் நிறுத்தி, பிரேக்கை மிதித்து, கியரை என்னில் வைத்து, அப்புறம் திருக வேண்டும். பச்சை விளக்கு சிமிட்டும். சிமிட்டி நின்றால் பல்லுக்குள் பல் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

"சிமிட்டிக்கிட்டே இருந்தா?" என்று அவள் கேட்டிருந்தாள்.

"பல்லு மேல பல்லு நிக்குது மாமி. பிரேக்க லேசா விட்டு ஒரு சாண் உருட்டுங்க, விழுந்துரும். ஆனா ஒண்ணு. அது சிமிட்டுற வரைக்கும் வண்டி ஹையிலயும் இல்ல, லோவுலயும் இல்ல. அந்த நேரத்துல பி போட்டாலும் நிக்காது. பி புடிக்கிறது கியர் பெட்டியத்தான், சக்கரத்த இல்ல."

அவன் இதைச் சொன்னபோது பின்னால் உட்கார்ந்திருந்த சுஹைல் தொண்டையைச் செருமினார். "எல்லாம் சரி. அத்தி மரத்தடியிலேயே மாத்திரணும். பொய்ச்சரிவுல மாத்தக் கூடாது. அத அவளுக்குச் சொன்னியா?"

"அது உங்களுக்குத் தெரிஞ்ச பாடம் மாமா. நான் கீழ உள்ளவன்."

அந்த மலையில் எல்லாருக்கும் தெரிந்த பாடம் அது. அத்தி மரத்துச் சமதளத்தைத் தாண்டினால் பாதை இடப்பக்கம் ஒடிந்து இறங்கும். ஒடியாமல் நேரே போனால் புறாக்குழி. முன்னொரு காலத்தில் மலை உள்ளே இடிந்து விழுந்து உண்டான குழி. கல்லைப் போட்டால் சத்தம் வருவதற்குள் ஒரு ஸலாமும் பதில் ஸலாமும் சொல்லிவிடலாம். குழிக்குப் போகிற நிலம் கண்ணுக்கு மேடாகத் தெரியும், ஆனால் தண்ணீரை ஊற்றினால் மேட்டில் ஏறிக் குழிக்குள் போகும். அந்த இடம்தான் பொய்ச்சரிவு. ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு போன காலத்தில், அங்கே ஒட்டகத்தின் கயிற்றைக் கையிலிருந்து விட மாட்டார்கள். ஒன்றுக்கு இருக்கப் போனாலும் கயிறு கையில் இருக்கும். கயிறு விட்ட மிருகம் யாருடையதும் இல்லை; யாருடையதும் இல்லாததைக் குழிக்குள் இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வண்டி வந்தபின் கயிற்றின் இடத்துக்கு கியர் வந்தது. பொய்ச்சரிவில் நியூட்ரல் போடுவது கயிற்றை விடுவது. ஏழு வருஷத்துக்கு முன்னால் கல்யாணத்துக்குப் போன ஒரு பிக்கப் ஐந்து பேரோடு குழிக்குள் போனது. கயிறு கட்டி இறங்கியவர்கள் வண்டியைக் கண்டார்கள். கதவெல்லாம் சாத்தியபடியே இருந்தது. உள்ளே ஒருத்தரும் இல்லை. கியர் என்னில் இருந்தது.

முதல் இரண்டு கிலோமீட்டர் சமதளம்தான். நாலு ஹையில் வண்டி சேற்றைக் கவ்விக்கொண்டு நடந்தது. ஆக்சிலரேட்டரைத் தொடவே வேண்டாம்; டி போட்டு காலை எடுத்தாலே மாடு நடக்கிற வேகத்தில் போகும். சுஹைல் நடந்தார், அவள் பின்தொடர்ந்தாள். சில நேரம் மூட்டம் அவரைத் தலையிலிருந்து இடுப்புவரை விழுங்கும், வெறும் இரண்டு கால்கள் போவதுபோல இருக்கும். பின் முழுதாகத் திருப்பித் தரும். அவர் இருமுவது கேட்டுக்கொண்டே இருந்தது. மழை மாதம் முழுக்க அவருக்கு நெஞ்சுச் சளி.

"உம்மா," என்றாள் தம்னா பின்னாலிருந்து. "இன்னும் எவ்வளவு தூரம்?"

"பாதி வந்துட்டோம் கண்ணு."

"வீட்டத் தாண்டும்போதும் பாதின்னுதான் சொன்னீங்க."

"அப்ப சொன்னது சின்னப் பாதி. இது பெரிய பாதி."

தம்னா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு நடுவில் முறிந்து, பல்லைக் கடித்த நீண்ட முனகலாக மாறியது. வலிக்கும் வலிக்கும் இடையே இப்போது நாலு நிமிஷம்கூட இல்லை.

அப்போது முன்னால் இரண்டு தட்டு. சுஹைல் ஜன்னல் பக்கம் வந்தார். துண்டின் முனையிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் முழங்கையில் விழுந்தது.

"பாதையில மாடு படுத்திருக்கு. பத்துப் பன்னெண்டு இருக்கும். வெரட்டிட்டு வர்றேன். நகராத."

"அத்தி மரம் வந்துருச்சா?"

"இல்ல, இன்னும் கொஞ்சம். நான் வந்து சொல்றேன், அப்புறம் மாத்து." இருமிக்கொண்டே போனார். நாலாவது எட்டில் முதுகு கரைந்தது. மாட்டை அதட்டுகிற அவர் குரல் கேட்டது. குளம்புகள் சேற்றில் சப்புச் சப்பென்று இழுபடும் சத்தம். அப்புறம் இருமல். அப்புறம் தூரத்தில் இருமல். அப்புறம் வைப்பர் மட்டும்.

நுவைர் காத்திருந்தாள். எஞ்சின் தாளம் தப்பாமல் ஓடியது. பக்கத்துக் கண்ணாடியில் மூட்டம் உரசிக்கொண்டு போவது தெரிந்தது. காற்றே இல்லை, இருந்தும் ஏதோ ஒரு பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது, முன்னால், முன்னால். மூன்று நிமிஷமாயிருக்கும். ஐந்தாகவும் இருக்கும். தம்னாவுக்கு ஒரு வலி வந்து, முடிந்து, அடுத்தது தொடங்கியது.

பானெட்டில் ஒரு தட்டு.

முதுகு நின்றது. கம்பு தோளில் குறுக்கே. நுவைருக்கு மூச்சு திரும்பியது. காலை எடுத்தாள், வண்டி ஊர்ந்தது. மாடுகள் எங்கும் இல்லை. பாதை இடதும் வலதுமாக வளைய வேண்டிய இடங்களில் இவர் வளையாமல் போவதுபோல ஒரு நினைப்பு வந்தது, ஆனால் மூட்டத்தில் வளைவு எது, நேர் எது. அவரைத்தான் பார்த்தாள். அவர் முன்பைவிட வேகமாக நடந்தார். இருமவே இல்லை.

"ஆமர் வாப்பா, மெதுவா," என்றாள் ஜன்னல் வழியே. அவர் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் காட்டி, வா வா என்றார்.

இரண்டு தட்டு. நின்றாள். அவர் கம்பை நீட்டி வலப்பக்கம் காட்டினார். அங்கே ஏதோ ஒரு கறுப்பு, மரத்தின் அடிப்பாகம்போலப் பெருத்து, மேலே மூட்டத்துக்குள் போயிருந்தது. அத்தி மரம். வண்டியின் மூக்கு லேசாக மேலே தூக்கியிருந்தது. சமதளத்து ஓரம் அப்படித்தான் இருக்கும், சறுக்கினாலும் பின்னால்தான் போகும் என்று நினைத்துக்கொண்டாள். இங்கேதான் மாற்ற வேண்டும்.

பிரேக். என். திருகு.

அடியில் எங்கோ ஒரு இரும்பு புரண்டது. நாலு ஹை விளக்கு அணைந்தது. பச்சை விளக்கு சிமிட்டத் தொடங்கியது. சிமிட்டியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது.

அந்தக் காத்திருப்பில்தான் அவளுக்கு வாசம் உறைத்தது. உறைத்தது என்றால், இல்லை என்பது உறைத்தது. இந்த மாதத்தில் அத்தி மரத்தடியில் பழம் விழுந்து அழுகி, புளித்த வாடை மூக்கைத் துளைக்கும். ஜன்னல் மூடியிருந்தாலும் வரும். ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஈரக் கல் வாடை வந்தது. கிணற்று வாடை. கொஞ்சம் புறா எச்சத்தின் காரம்.

முன்னால் நிற்கிறவரைப் பார்த்தாள். துண்டு காய்ந்திருந்தது. லுங்கி காய்ந்து, கரை மடிப்பு கலையாமல் இருந்தது. காலில் சேறு இல்லை.

விளக்கு சிமிட்டியது. பல்லு மேல பல்லு. ஒரு சாண் உருட்டினால் விழுந்துவிடும். விழுந்தால் ஆர் போட்டு, யார் முன்னால் நின்றாலும் சரி, பின்னால் எடுத்துப் போய்விடலாம். மூக்கு மேலே இருக்கிறது, காலைத் தளர்த்தினால் வண்டி தானாகப் பின்னால் உருளும். காலைத் தளர்த்தினாள்.

வண்டி முன்னால் உருண்டது.

மேட்டில் ஏறியது. சத்தமில்லாமல், யாரோ தொட்டிலை ஆட்டிவிட்டதுபோல மெல்ல, மேல்நோக்கி, ஒரு முழம், இரண்டு முழம். நுவைர் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தாள். சக்கரங்கள் பூட்டின. பூட்டியும் சேறு இன்னொரு முழம் இழுத்துக்கொண்டு போய்த்தான் விட்டது.

பொய்ச்சரிவு. அத்தி மரத்தை எப்போதோ தாண்டியாயிற்று. பொய்ச்சரிவின் நடுவில், அவள் கையாலேயே, கயிற்றை விட்டாயிற்று.

"என்னாச்சு உம்மா?"

"ஒண்ணுமில்ல. வழுக்குது. நீ மூச்ச விட்டு மூச்ச வாங்கு."

திருகை ஹைக்குத் திருப்பினாள். இப்போது ஹை விளக்கு சிமிட்டியது. லோவுக்கு வந்தாள். சிமிட்டியது. ஆர் போட்டு எஞ்சினை உறுமவிட்டாள்; சத்தம் மட்டும் வந்தது, சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. டி. சத்தம் மட்டும். எல். சத்தம். ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுப் பார்த்தாள். படித்த எழுத்தெல்லாம் சேர்ந்து ஒரு சொல்லாகாமல் நின்றது. பி போட்டு, ஒரு மயிரிழை காலைத் தளர்த்தினாள். வண்டி ஒரு விரற்கடை முன்னால் போனது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். பிடி இல்லாமல் கரண்டிபோல மேலே வந்தது. கேபிள் மழையில் போயிருந்தது.

கால் மட்டும்தான் மிச்சம். அவளுடைய வலது கால்.

"நுவைர்ர்!"

பின்னாலிருந்து. தூரத்திலிருந்து. மேலே எங்கோ. அதைத் தொடர்ந்து இருமல், நெஞ்சைக் கிழித்துக்கொண்டு, நீண்ட இருமல்.

"எங்க போன புள்ள? நகராதன்னு சொன்னேன்ல? மாட்ட வெரட்டிட்டு வந்து பாக்குறேன், வண்டியக் காணோம்..."

நுவைர் தலையைத் திருப்பவில்லை. முன்னாலேயே பார்த்தாள், ஏனென்றால் அப்போது மூட்டம் கிழிந்தது. துணி கிழிகிற மாதிரி, கீழிருந்து மேலாக. பானெட்டின் நுனிக்கு அப்பால் ஐந்தாறு அடி சிவப்பு மண். மண் முடிந்தது. முடிந்த இடத்துக்கு அப்பால் அவர் நின்றார். கம்பு தோளில், முகம் இவள் பக்கம், முகம் இருக்க வேண்டிய இடத்தில் துண்டின் நிழல். அவர் பாதத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. வெகு கீழேயிருந்து புறாக்கள் கூட்டமாக எழுந்து, அவர் பாதங்களுக்கு அடியில் வட்டமடித்து, இரண்டு பக்கமும் பிரிந்து மேலே போயின. அவர் வா வா என்றார்.

மூட்டம் மூடிக்கொண்டது.

"ஆமர் வாப்பா!" என்று கத்தினாள். "கல்லு! கல்லு எடுத்துட்டு வாங்க! முன் சக்கரத்துக்கு முட்டுக் குடுங்க! பிரேக்க விட்டா குழிக்குள்ள போயிரும்!"

சேற்றில் கால்கள். ஓடி வருகிற கால்கள், சரசரவென்று, கிட்டத்தில், இன்னும் கிட்டத்தில். கல்லோடு கல் மோதும் சத்தம். மூச்சிரைப்பு.

"உம்மா, தள்ளணும்போல இருக்கு."

"தள்ளாத தம்னா. கொஞ்சம் பொறு. வாப்பா வந்துட்டாரு."

"முடியல உம்மா. தலை... கையில தட்டுது உம்மா."

பிரேக்கில் இருந்த கால் ஆடத் தொடங்கியது. முழங்காலிலிருந்து, தையல் மிஷின் ஊசிபோல. இடது காலைத் தூக்கி அதன்மேல் வைத்து அழுத்தினாள். வேலையில்லாத இடது கால்.

டக்கென்று ஒரு கல் வைக்கிற சத்தம். இன்னொன்று.

"வச்சாச்சு," என்றார் சுஹைல், வலது பின்கதவுக்கு வெளியே, கை எட்டும் தூரத்தில். "காலை எடு புள்ள."

அவர் குரல்தான். முப்பது வருஷமாகத் தலையணைக்குப் பக்கத்தில் கேட்ட குரல். நுவைருக்குக் கண்ணில் நீர் முட்டியது. கால் தானாகவே மேலே எழும்பப் பார்த்தது. எழும்பியும்விட்டது, அரை விரற்கடை அளவுக்கு. வண்டி அசைந்தது. மிதித்தாள்.

"முன் சக்கரத்துக்கு வச்சீங்களா?"

"வச்சாச்சு. காலை எடு."

"முன்னாலயா?"

"காலை எடு புள்ள."

அவர் மூச்சு இரைக்கவில்லை. இருமவில்லை.

மேலே, அதே தூரத்தில், அதே இடத்தில், ஒருவர் இருமினார். "நுவைர்? சத்தம் எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னே தெரியல. ஹார்ன் அடி. சத்தத்த வச்சு வர்றேன்."

அவள் கை ஹார்னுக்குப் போனது. போய், தொடாமல் நின்றது. அவர் வந்தால் கண் தெரியாமல் வருவார். இவர்கள் நடுவே வருவார்.

இவர்கள்.

அப்போதுதான் நடுக்கண்ணாடியைப் பார்த்தாள். பிரேக் விளக்கு பின்னால் மூட்டம் முழுவதையும் சிவப்பாக்கியிருந்தது. அந்தச் சிவப்பில், பின்கண்ணாடியை ஒட்டி, தோள்கள். சேற்றில் சிக்கிய வண்டியைத் தள்ள ஊர் ஆண்கள் நிற்பார்களே, அதேபோல, தலையைக் குனிந்து, உள்ளங்கையைத் தகரத்தில் ஊன்றி, பின்காலை நன்றாக மண்ணில் பதித்து. கல்யாணத் துணி உடுத்தவர்கள் சிலர். ஒருவர் கையில் ஒட்டகக் கயிற்றின் துண்டு. வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை, அதற்குப் பின்னால் சிவப்பு எட்டும்வரை. யாரும் தள்ளவில்லை. யாருக்கும் அவசரம் இல்லை. கால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரிந்தவர்கள்போல, தொழுகையில் இமாமின் குரலுக்குக் காத்திருப்பதுபோல, குனிந்து நின்றார்கள்.

"உம்மா," என்றாள் தம்னா. குரலில் வலி இல்லை. சோர்ந்து, இளகி, சந்தோஷமாக. "வந்துட்டான் உம்மா."

நுவைரின் கால் நடுங்கியது. சிவப்பு ஒருமுறை மங்கி எரிந்தது. பச்சை சிமிட்டியது. மேலே இருமல் கேட்டது, எதிர்ப்பக்கமாக, விலகிப் போய்க்கொண்டு.

பின் இருக்கையில் குழந்தை வாயைத் திறந்து முதன்முதலாக அழுதது.

கண்ணாடிக்கு வெளியே, அந்தச் சிவப்பில், எல்லாத் தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன.